மரச்சீனி முதல் மாற்றுணவு வரை

ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் நடைபெறும் வாவுபலிப் பொருட்காட்சியை ஒருமுறையேனும் கண்டவர்கள், அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் கிழங்குகளை எளிதில் மறக்கமாட்டார்கள். தாமிரபரணிக் கரையில் இந்துப் பெருமக்கள் தம் முன்னோர்க்குக் கடன் செய்யும் நாளை ஒட்டி எழுந்த கூட்டம் அது. வட்டார உழவர்கள் தம் நிலத்து விளைச்சலைக் காட்டிப் பெருமை கொள்ளும் இடமும் அதுவே. சிறுவனாக வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சென்ற நாளில், என்னைவிட நீளமான ஒரு மரச்சீனிக் கிழங்கைக் கண்டு வியந்து நின்றது இன்றும் நினைவிலிருக்கிறது.

அந்தக் கிழங்கை மீண்டும் எண்ணிப் பார்க்கும்படி நேர்ந்தது அண்மையில் ஒரு குடும்ப விருந்தில். பந்தியில் அமர்ந்திருந்த பத்துப் பேரில் அறுவர் நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள். நெய்ச்சோற்றை முன்னே வைத்துக்கொண்டு, “இது ஆகாது, அது ஆகாது” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். எண்பதைக் கடந்த எங்கள் குடும்பத்து மூதாட்டி ஒருவர் இதனைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “கெழங்கு தின்னு வளந்த எங்களுக்கு இல்லாத சீக்கு, சோறு தின்னு வளந்த உங்களுக்கு எப்படி வந்தது மக்களே?” என்றார். யாரும் விடை சொல்லவில்லை.

அந்த வினாவுக்கு விடை தேட வேண்டுமானால், நம் வட்டாரத்து அடுப்பின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

நெல் இல்லாத மேட்டு நிலம்

இன்றைய குமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாளில் தமிழகத்துடன் இணைந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூரின் தென்கோடி. தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் அடங்கிய நாஞ்சில் நாடு நெல் விளையும் பூமி. குழித்துறை அமைந்துள்ள விளவங்கோடு வட்டமோ பெரும்பாலும் செம்மண் மேடு. பனையும் தென்னையும் பலாவும் தழைத்தன, வயல் குறைவு. நெற்சோறு அன்றாடம் உண்பது வசதி படைத்தோர்க்கே உரியதாயிருந்தது. சேனை, சேம்பு, காய்ச்சில், சிறுகிழங்கு, பனங்கிழங்கு ஆகியவை ஏழையின் வயிற்றை நிரப்பின. குழித்துறையைத் தழுவிச் செல்லும் ஆறு தேங்காய்ப்பட்டணத்தில் கடலோடு கலக்கிறது. பழம்பெரும் முஸ்லிம் குடியிருப்பும் துறையுமான அவ்வூரும் அதன் அண்டைக் கடற்கரைகளும் மீனை மேட்டு நிலத்துக்கு அளித்தன. கிழங்கும் மீனும் சேர்ந்த உணவு இவ்வட்டாரத்தின் நில அமைப்பே வகுத்துக் கொடுத்தது எனலாம்.

இந்தப் பழைய கிழங்குகளின் வரிசையில் பின்னர் வந்து, எல்லாவற்றையும் முந்திக்கொண்டது மரச்சீனி. தமிழகத்தின் பிற பகுதிகளில் மரவள்ளி, குச்சிக்கிழங்கு என்றும், மலையாளத்தில் கப்பை என்றும் வழங்கும் இது, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. போர்ச்சுகீசியர் வழியே நம் கடற்கரையை அடைந்தது. திருவிதாங்கூரில் அது பரவலான உணவாக உயர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1860 முதல் 1880 வரை ஆண்ட ஆயில்யம் திருநாளும், அவருக்குப் பின் 1885 வரை ஆண்ட அவர் தம்பி விசாகம் திருநாளும் இக்கிழங்கைப் பரப்பிய பெருமைக்கு உரியவர்கள். விசாகம் திருநாள் செடி கொடிகளில் ஆழ்ந்த நாட்டமுடையவர். நஞ்சுக் கிழங்கென்று மக்கள் அஞ்சியபோது, அதனை அரண்மனையிலேயே சமைத்துப் பரிமாறச் செய்தார் என்பது வழிவழியாக வரும் கதை.

அந்த அச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. சில வகை மரச்சீனியில் சயனைடு எனும் நஞ்சை வெளிவிடும் பொருள் மிகுதி. தோலை நீக்கி, துண்டாக்கி, நீர் நிறைய விட்டு வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டும் வழக்கத்தை நம் மூதாட்டியர் கைக்கொண்டது இதனால்தான். வேதியியல் கற்காத அடுப்பங்கரை கண்ட அறிவு அது.

ரங்கூன் அரிசி நின்றபோது

திருவிதாங்கூரின் மக்கள்தொகை பெருகியது; நிலமோ தென்னை, மிளகு, தேயிலை, ரப்பர் ஆகிய பணப்பயிர்களுக்குச் சென்றது. இதனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அந்நாடு தன் அரிசித் தேவையின் பெரும்பகுதிக்கு வெளியாரை, குறிப்பாகப் பர்மாவை, நம்பி நின்றது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைக் கைப்பற்றியது. கப்பல்கள் நின்றன. அரிசி விலை ஏறியது. பங்கீட்டு முறை வந்தது. அடுத்த ஆண்டு வங்காளத்தில் இலட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மாண்டனர்.

திருவிதாங்கூரிலும் பசி கொடுமையாக இருந்தது. ஆயினும் பெரும் அழிவைத் தடுத்து நிறுத்தியதில் மரச்சீனிக்குப் பெரும் பங்குண்டு. காலையில் வேகவைத்த கிழங்கு. மாலையில் கிழங்கை உலர்த்திய வற்றல். விருந்தாளிக்கு மட்டுமே சோறு. எங்கள் மூதாட்டி “கிழங்கு தின்று வளர்ந்தோம்” என்றது இந்தக் காலத்தைத்தான். அது விரும்பி ஏற்ற மாற்றுணவு அன்று. பசி திணித்த மாற்றுணவு.

அவ்வுணவு உடலுக்கு நிறைவாயிருந்ததா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். நீலகிரியில் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராபர்ட் மக்கரிசன் எனும் மருத்துவர், இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்தன. மரச்சீனியையே பெரிதும் நம்பிய ஏழைத் திருவிதாங்கூர் மக்களின் உணவை உண்ட எலிகளிடம் இரைப்பைப் புண் மிகுதியாகக் காணப்பட்டது. மரச்சீனி 100 கிராமில் புரதம் ஒரு கிராம்கூட இல்லை. அந்தக் குறையைச் சாளை மீனும் அயிலை மீனும் ஓரளவு ஈடு செய்தன. மீன் கிடைக்காத வீட்டில் கிழங்கு வயிற்றை நிரப்பியது, உடலை வளர்க்கவில்லை.

குன்னூரில் பிறந்த அளவுகோல்

இன்று மருத்துவர் வாயிலும் வானொலியிலும் நாம் அன்றாடம் கேட்கும் ‘கலோரி’ என்ற சொல், உணவு உடலுக்குத் தரும் ஆற்றலின் அளவைக் குறிப்பது. அமெரிக்கரான அட்வாட்டர் 1890-களில் அந்நாட்டு உணவுகளை இவ்வாறு அளந்து பட்டியலிட்டார். இந்திய உணவுகளுக்கு அத்தகைய பட்டியலை உருவாக்கிய இடம் நம் குன்னூரே. மக்கரிசனுக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்து மதிப்பைக் கூறும் சிறு நூலை 1937-இல் வெளியிட்டார். பிற்காலத்தில் அந்த ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டுத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அந்தப் பட்டியலும் அதனுடன் வளர்ந்தது.

இங்கே ஒரு செய்தியை நாம் கருத வேண்டும். அய்க்ராய்ட் வங்காளப் பஞ்சத்தை விசாரித்த குழுவின் உறுப்பினராகவும் இருந்தவர். நம் நாட்டில் கலோரிக் கணக்கு ஏழையின் பங்கீடு உயிர் தாங்கப் போதுமா என்று அறியவே முதலில் பயன்பட்டது. பற்றாக்குறையை அளக்க வந்த கோலே, இன்று நம் வீடுகளில் மிகுதியை அளக்கிறது. இரண்டு தலைமுறைக்குள் நேர்ந்த மாற்றம் இது.

தவிடு போன கதை

கிழங்கிலிருந்து சோற்றுக்கு மாறிய நாம், எந்தச் சோற்றுக்கு மாறினோம் என்பதும் வரலாற்றில் ஓர் அத்தியாயமே.

ஜாவாத் தீவில் பத்தேவியா நகரில், 1890-களில் எய்க்மன் எனும் டச்சு மருத்துவர் கால்களை முடக்கும் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு தின்ற கோழிகள் நோயுற்றன. தவிட்டோடு கூடிய அரிசிக்கு மாற்றியதும் தேறின. 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே காலத்தில் மலேயாவில் பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் வேறொன்றைக் கண்டார். சயாமிலிருந்து வந்த வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மடிந்துகொண்டிருக்க, அதே மண்ணில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பியிருந்தனர். காரணம், அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தமிழனின் அடுப்பு அவனை அறியாமலே அவனைக் காத்தது.

1934-இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், தமிழரான ஜே. சி. குமரப்பாவின் உழைப்பால், கைக்குத்தலரிசிக்காகவும் வெல்லத்துக்காகவும் பாடுபட்டது. ஆனால் ஆலையின் வேகத்தோடு உலக்கை போட்டியிட முடியவில்லை. அரிசியின் வெண்மை கௌரவத்தின் அடையாளமாயிற்று. நம் வட்டாரத்துச் சிவப்புக் குத்தரிசி வைத்தியருடைய பத்திய உணவாகச் சுருங்கியது.

மக்கள் நாவுக்கு ஒவ்வாத மாற்றம் நிலைக்காது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1950-களில் மைசூரிலுள்ள மத்திய உணவு ஆய்வு நிறுவனத்தார், மரச்சீனி மாவோடு நிலக்கடலைப் பிண்ணாக்கு மாவு முதலியவற்றைச் சேர்த்து, அரிசி வடிவிலேயே ஒரு செயற்கை அரிசி செய்தனர். சத்தில் குறைவில்லை. ஆயினும் அது நம் அடுக்களைகளில் இடம்பெறவில்லை. ஆய்வுக்கூடத்தில் பிறந்த உணவைக் காட்டிலும், பாட்டி பழக்கிய உணவையே நாக்கு ஏற்கிறது. மாற்றுணவு பேசுவோர் இதனை மறத்தலாகாது.

மூதாட்டிக்கு விடை

இனி அந்த மூதாட்டியின் வினாவுக்கு வருவோம். கிழங்கில் ஆற்றல் குறைவு, அதனால் அக்காலத்தார்க்கு நோய் வரவில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். கணக்கு அவ்வாறு கூறவில்லை. குன்னூர்ப் பட்டியலின் வழிவந்த கணக்கின்படி, மரச்சீனி 100 கிராமில் 157 கலோரி. பச்சையாக நிறுத்த அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 345. ஆனால் அது வெந்து மும்மடங்காகும்போது, சோறு 100 கிராமுக்கு 115 அளவில்தான் நிற்கும். தட்டின் எடை ஒன்றேயானால் கிழங்கில்தான் சற்று மிகுதி. ஆகவே “சோற்றை நிறுத்திவிட்டுக் கப்பை தின்கிறேன்” என்பவர் மெலியப் போவதில்லை. சோற்றோடு கூடுதலாகக் கப்பையும் தின்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

அவ்வாறே கருப்பட்டியும். வெள்ளைச் சீனி 100 கிராமில் 398 கலோரி என்றால், வெல்லத்தில் 383. வேறுபாடு பெயரளவே. நீரிழிவுக்காரர் கருப்பட்டிக் காப்பியை அளவின்றிப் பருகலாம் என்பது ஆபத்தான மயக்கம். மார்த்தாண்டத்துத் தேனுக்கும் இதே விதிதான். அதிலும் 100 கிராமுக்கு 319.

அப்படியானால் அக்காலத்தாரைக் காத்தது எது? அவர்கள் நடந்தார்கள், சுமந்தார்கள், கிளைத்தார்கள். உணவு குறைவாகவும், எண்ணெயும் சீனியும் மிகமிகக் குறைவாகவும் கிடைத்தன. சீனி என்பது பெருநாளன்று கண்ட பொருள். மேலும், நீரிழிவு வரும் வயதுவரை அன்று பலர் வாழவேயில்லை என்ற கசப்பான உண்மையும் இருக்கிறது. அந்தக் காலத்தைப் பொற்காலமென்று பாடுவதும் தவறு. அதனிடம் கற்க ஒன்றுமில்லை என்பதும் தவறு.

நிலைமையின் அளவை அறிய ஓர் எண் போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் வயதுவந்தோருள் 11.4 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர் என்றது. குழித்துறையின் எல்லையை ஒட்டியுள்ள கேரளத்தில் அது 25.5 விழுக்காடு, நால்வரில் ஒருவர். அவ்விரு நிலத்தாரின் அடுக்களையும் ஏறத்தாழ ஒன்றே என்பதை நாம் அறிவோம்.

அன்றாட அடுக்களையில்

இனிச் செய்யக்கூடியது என்ன? புதுப்பொருள் எதையும் வாங்க வேண்டியதில்லை. நம் வட்டாரம் அறிந்தவற்றுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம்.

முதலாவது, சோறு. ஒரு வேளைக்கு 50 கிராம் அரிசி குறைத்தால் 172 கலோரி குறையும். அந்த இடத்தைப் புடலங்காய், வெள்ளரி, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை முதலியவற்றால் நிரப்பலாம். புடலங்காய் 200 கிராமில் 36 கலோரிதான். தட்டு நிறைந்தே இருக்கும். எஞ்சிய சோறு புழுங்கலாகவோ சிவப்புக் குத்தரிசியாகவோ இருப்பது நலம்.

இரண்டாவது, தேங்காய். நம் ஆணங்கள் பெரும்பாலும் தேங்காய் அரைத்தவை. தேங்காய் 100 கிராமில் 444 கலோரி. ஒருவர் பங்கில் 25 கிராம் குறைத்தால் 111 குறையும். மிளகாயும் மல்லியும் புளியும் மட்டும் கூட்டித் தேங்காயின்றிக் காய்ச்சும் மீன் குழம்பு நம் வீட்டாருக்குப் புதிதன்று; அதை வாரத்தில் சில நாள் அதிகப்படுத்தினால் போதும்.

மூன்றாவது, பொரித்தல். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 125 கலோரி. அயிலை மீன் தன்னளவில் 100 கிராமுக்கு 93 கலோரியே உடையது. எண்ணெயில் மூழ்கி எழும்போதுதான் அது கனக்கிறது. பொரித்த மீனுக்குப் பதில் குழம்பு மீன் என்பது மிக எளிய மாற்று.

நான்காவது, தேநீர். நாளொன்றுக்கு நான்கு கோப்பை, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் 40 கிராம். ஏறத்தாழ 160 கலோரி. இதனை வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால், இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிடும். விருந்தினருக்குப் புட்டியில் அடைத்த இனிப்பு நீர் கொடுப்பதைவிட நீர்மோர் கொடுக்கலாம். அதில் 100 மில்லிக்கு 15 கலோரி, இனிப்பு நீரிலோ 40-க்கும் மேல்.

இந்நான்கையும் கூட்டிப் பாருங்கள். சேர்த்த காய்கறியைக் கழித்தாலும் நாளொன்றுக்கு 500 கலோரிக்கு மேல் குறைகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும். இல்லையேல் சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்துவிடக் கூடும். வளரும் பிள்ளைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இக்கணக்கு பொருந்தாது.

கஞ்சி எனும் பழைய பாடம்

இவற்றுக்கெல்லாம் முன்மாதிரியாக ஓர் உணவு நம்மிடம் உண்டு: கஞ்சியும் பயறும். 50 கிராம் அரிசியும் 25 கிராம் சிறுபயறும் சேர்ந்தால் 255 கலோரி அளவில் ஒருவேளை உணவு முடிந்துவிடும். புரதமும் 9 கிராம் அளவில் கிடைக்கும். குழைந்த வெறுங்கஞ்சி இரத்தத்தில் சர்க்கரையை விரைந்து ஏற்றும். பயறும் கீரையும் சேரும்போது அந்த வேகம் தணிகிறது. ஆகவே பயறு இங்கே வெறும் தொடுகறியன்று, உணவின் சரிபாதி.

நோன்புக் கஞ்சியின் அமைப்பும் இதுவே. அரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு, சிறிது இறைச்சி, நிறைய நீர். பகலெல்லாம் வெறுமையாயிருந்த வயிற்றுக்கு இதமான உணவு. ஆனால் இன்று அந்தக் கஞ்சிக் கோப்பையைச் சுற்றி வடையும் சமோசாவும் பஜ்ஜியும் சர்பத்தும் சூழ்ந்து நிற்கின்றன. நோன்பு மாதத்தில் உடல் எடை கூடுகிறதென்று நம்மவர் முறையிடுவது விந்தையிலும் விந்தை. வயிற்றில் மூன்றிலொரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடச் சொன்ன நபிகளாரின் அறிவுரையை நாம் மேடையில் கேட்கிறோம், பந்தியில் மறக்கிறோம். சிறிய பேரீச்சம்பழம் ஒன்று ஏறத்தாழ 25 கலோரிக்கு மேற்படாது. மூன்று பழமும் ஒரு கோப்பைக் கஞ்சியும் ஒரு துண்டுப் பப்பாளியும் கொண்டு நோன்பு திறந்தால் குறைவென்ன?

நெய்ச்சோற்றை அறவே விலக்கச் சொல்வது என் நோக்கமன்று. பெருநாளும் திருமணமும் அதற்குரிய நாட்கள். பெருநாள் உணவு அன்றாட உணவானதுதான் பிழை.

நம் வட்டாரம் இருமுறை தன் தட்டை மாற்றியிருக்கிறது. சோறு கிடைக்காமல் கிழங்குக்குச் சென்றோம். காசு வந்ததும் கிழங்கிலிருந்து வெண்சோற்றுக்கும் எண்ணெய்க்கும் சீனிக்கும் வந்தோம். முதல் மாற்றத்தைப் பசி செய்தது. இரண்டாவதை வசதி செய்தது. இரண்டிலும் நாம் தேர்ந்தெடுத்தது எதுவுமில்லை. மூன்றாவது மாற்றத்தையேனும் நாமே தேர்ந்து செய்யலாகாதா?

சென்ற வெள்ளிக்கிழமை அந்த மூதாட்டியைக் காணச் சென்றிருந்தேன். இந்தக் கணக்குகளை எல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், வேகவைத்த மரச்சீனித் துண்டுகள் நான்கையும் சாளை மீன் குழம்பையும் என் முன் வைத்தார். இன்னும் இரண்டு துண்டு கேட்டேன். “நாலு போதும் மக்களே, அன்னைக்கும் நாலுதான்” என்றார்.